மில்லிசெகண்டின் மரியாதைக்கார ஆபரேட்டிங் சிஸ்டம்

ஒரு மில்லிசெகண்டைக்கூட யாரும் வீணாக்கக் கூடாது என்பதற்காகத் தன் இளமையையே வீணாக்கிய மனிதர், எனக்குத் தெரிந்து கோயமுத்தூர் ஜில்லாவிலேயே ஒருத்தர்தான். அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பாக்கியம் எனக்கு வாய்த்தது. அறையில் ஒரு டேபிள் ஃபேன் உண்டு. அது எப்போதும் அவருடைய கம்ப்யூட்டரைப் பார்த்தே திரும்பியிருக்கும். எங்கள் இருவருக்கும் அது சுற்றுகிற சத்தம் மட்டும் கிடைக்கும்.

பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதைச் சம்பளம் போடுகிறவரைத் தவிர யாரும் உபயோகித்ததில்லை. எல்லோருக்கும் அவர் மில்லிசெகண்ட். ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் வெறும் மில்லி. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு அவரைத் தப்பான கோஷ்டியில் சேர்த்துவிடுவார்கள். பாவம், அவர் டீயைக்கூட அரை கிளாஸுக்கு மேல் குடிக்காத ஆள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. மில் மெஷின்களை ஓட்டவும் நிறுத்தவும் கன்ட்ரோலர் பெட்டிகள் செய்வது தொழில். கீழே லேத் ஓடும்போது மேலே மேஜையில் பேனா நடந்துபோகும். முதலாளி அதற்கு முன்னால் மோட்டார் பம்ப் செய்துகொண்டிருந்தவர். இனிமேல் எலக்ட்ரானிக்ஸ்தான் என்று ஒரு கல்யாண வீட்டில் யாரோ சொன்னதைக் கேட்டு, சாப்பிட்ட கை காய்வதற்குள் கம்பெனி ஆரம்பித்துவிட்டார்.

மில்லிசெகண்ட் வேலைக்கு வந்த முதல் நாள் முதலாளி அவரை உட்காரவைத்துக் கேட்டார். “ஏனுங்க, ஒரு மோட்டார ஓட்டோணும், நிறுத்தோணும். அதுக்கு எத்தன நாளாகுமுங்க?”

“மோட்டார ஓட்டறது ஒரு வேலையாங்க? வெரசா முடிச்சுப்போடலாம். ஆனா அதுக்கு முன்னால ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் கட்டோணுங்க. ரியல் டைம் ஆபரேட்டிங் சிஸ்டம்.”

“அது எதுக்குங்க நமக்கு?”

“மெஷினுக்குள்ள பத்து வேலை ஒண்ணா நடக்குதில்லீங்க? எந்த வேல எப்ப நடக்கோணும்னு பாத்துக்க ஒரு மேஸ்திரி வேணுமில்லீங்க? அந்த மேஸ்திரிதானுங்க.”

மேஸ்திரி என்றதும் முதலாளிக்குப் புரிந்துவிட்டது. சரி என்று தலையை ஆட்டினார். அந்த ஒரு தலையாட்டலில் அவர் வருஷக்கணக்கைத் தாரை வார்த்தார் என்பது எனக்கும் அப்போது தெரியாது.

நான் அசெம்பிளி கோஷ்டி. சிப்பிடம் அதன் சொந்த பாஷையிலேயே ஒவ்வொரு வரியாகப் பேசுகிற ஆதிகால வழி எங்களுடையது. நாலு மாசத்தில் ஒரு கன்ட்ரோலர் முடித்துக் கொடுத்துவிடுவேன். மில்லிசெகண்டுக்கு அதைப் பார்த்தாலே உடம்பு கூசும். “நீங்க எழுதுனத மக்யா நாள் எந்திரிச்சுப் பாத்தா நீங்களே படிக்க முடியாதுங்க” என்பார். அவர் எழுதியது சி பிளஸ் பிளஸ் என்கிற பாஷையில். அந்த வட்டாரத்தில் அன்றைக்கு அது புத்தம் புது சரக்கு. தலையணைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம் போல ஒரு புத்தகத்தை எங்கிருந்தோ வாங்கிவந்திருந்தார். படித்ததை உடனே யாருக்காவது விளக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

“கிளாஸுங்கறது ஒரு அச்சு மாதிரிங்க. அப்பன் கிளாஸ் ஒண்ணு எழுதிப்போட்டா, புள்ள கிளாஸுக்கு அந்தக் குணமெல்லாம் தானா வந்துருமுங்க” என்று ஒரு நாள் முதலாளிக்குப் பாடம் நடத்தினார்.

முதலாளி கவலையோடு கேட்டார். “பங்காளித் தகராறு ஏதும் வராதுங்களே?”

வந்தது. ஒரு பிள்ளைக்கு இரண்டு அப்பன் வைக்கலாம் என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருந்ததாம். அதைச் செய்து பார்த்து, சிக்கலை அவிழ்க்க ஒரு தீபாவளி தாண்டியது. இதில் வேடிக்கை, அவருடைய புரோகிராமைக் கம்ப்யூட்டர் ஒரு தடவை கம்பைல் செய்து, அதாவது சிப்பின் பாஷைக்கு மாற்றி, முடிப்பதற்குள் நாங்கள் பேக்கரிக்குப் போய், தேங்காய் பன் தின்று, பேப்பரில் ராசிபலன் உள்பட எல்லாம் படித்துவிட்டுத் திரும்பிவிடுவோம். யாரையும் காக்கவைக்காத சிஸ்டத்துக்காக ஆபீஸே காத்துக்கிடந்தது.

பேக்கரியிலும் அவரால் சும்மா இருக்க முடியாது. டீ மாஸ்டரிடம் தினமும் ஒரே வழக்கு.

“ஏனுங்க, டீ எப்ப வருமுங்க?”

“இப்ப வந்துருமுங்க.”

“இப்பன்னா எப்பிடீங்க? அதிகபட்சம் எவ்வளவு நேரம்னு சொல்லுங்க.”

“அவசரமுங்களா சார்?”

“அவசரமே இல்லீங்க. பொழுது சாயறதுக்குள்ளன்னாலும் சரி. ஆனா சொல்லிப்போட்டா அதுக்குள்ள வரோணும்.”

டீ மாஸ்டர் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். ரியல் டைம் என்றால் வேகம் இல்லை, வாக்குத் தவறாமை என்பதை அந்த மனிதர் கோயமுத்தூர் முழுக்கப் பிரசாரம் செய்தார். டவுன் பஸ் கண்டக்டர், முடி வெட்டுகிறவர், ரேஷன் கடைக்காரர் என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் “யோசிச்சுச் சொல்றமுங்க” என்று சொன்ன பெண்ணின் அப்பாவிடம் “அதிகபட்சம் எப்பங்க?” என்று கேட்டதில், அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்துபோனது.

அவர் கட்டிய சிஸ்டம் அவரைவிட ஒரு படி மேலே. எதற்கும் ‘ங்க’ போட்டுப் பேசுகிற கிணத்துக்கடவுப் பக்கத்து ஆள் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. ஒரு வேலையை ஆரம்பிக்க ‘வாங்க’. நிறுத்திவைக்க ‘இருங்க’. முடிந்துவிட்டால் ‘போங்க’. தப்பு நடந்தால், “மன்னிச்சுக்கோங்க, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சுங்க” என்று இங்கிலீஷ் எழுத்தில் திரையில் வரும். சிப்பில் இடம் போதவில்லை என்று அவர் புலம்பிய ஒரு நாள், “அந்த ‘ங்க’வெல்லாம் எடுத்துட்டாலே பாதி சிப் காலியாயிரும்ணா” என்று யோசனை சொன்னேன். அவர் திகைத்துப்போய், “அது இல்லாம எப்பிடீங்க பேசறது?” என்றார். நின்றுபோன வேலையைத் தீர்த்துக்கட்ட எல்லா சிஸ்டத்திலும் ‘கில்’ என்று ஒரு கட்டளை உண்டு. அதை அவர் வைக்கவே இல்லை. நம்மிடம் வேலை பார்க்கிறவரை நாமே கொல்வதா என்று கேட்டார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். முன்னுரிமை என்பதையே அவர் எடுத்துவிட்டார். உலகத்தில் இந்த மாதிரி சிஸ்டம் எழுதுகிறவர்கள் எல்லாம் முதலில் செய்கிற காரியம், எந்த வேலை பெரிது, எந்த வேலை சின்னது என்று வரிசை போடுவது. பெரியது வந்தால் சின்னது ஒதுங்கி நிற்க வேண்டும். மில்லிசெகண்டின் சிஸ்டத்தில் எல்லா வேலையும் சமம். ஒரு வேலை உள்ளே போவதற்கு முன்னால், வேறு யாராவது காத்திருக்கிறார்களா என்று பார்க்கும். இருந்தால் “நீங்க மொதல்ல போங்க” என்று ஒதுங்கிக்கொள்ளும்.

முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. “பெரிய வேல, சின்ன வேலன்னு ஒரு வித்தியாசம் வேண்டாமுங்களா? வரிச முறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க?” என்றார். அவர் அப்போது தன் ஊர்க் கோயிலில் முதல் மரியாதை தங்கள் குடும்பத்துக்குத்தான் என்று கோர்ட்டில் வழக்கு நடத்திக்கொண்டிருந்தவர். வழக்கு முடிகிறவரை தேரைத் தொடக் கூடாது என்று உத்தரவு. தேர் சந்து முனையில் நின்றபடிக்கு நின்று, அதில் கோழி அடைந்துகொண்டிருந்தது.

மில்லிசெகண்ட் எப்போதும்போல மெதுவாகத்தான் பேசினார். “எங்கய்யன் தோட்டத்து வேலைக்குப் போனவருங்க. காலையில போயி வாசல்ல நிக்கோணும். பண்ணையக்காரரு எப்பக் கூப்புடுவாருன்னு தெரியாது. நிழல்ல போயி உக்காந்தாலும் குத்தம். அதிகபட்சம் இவ்வளவு நேரம்னு ஒருத்தரு சொல்லியிருந்தா, அந்த மனுசன் நிம்மதியா நின்னிருப்பாருங்க. நான் கட்டற எடத்துல ஒருத்தரும் அப்பிடி நிக்கக் கூடாதுங்க.”

முதலாளி தொண்டையைச் செருமினார். பிறகு மழை வருமா என்று ஜன்னல் பக்கம் பார்த்தார். அது நல்ல சித்திரை வெயில். அதற்குப் பிறகு முன்னுரிமையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

ஆனால் எந்த முதலாளிக்கும் பொறுமைக்கு ஒரு எல்லை உண்டல்லவா? திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை. அதை ஒரு அம்மாதான் நடத்தினார். வீட்டுக்காரர் படுத்த படுக்கையான பிறகு பொறுப்பை எடுத்துக்கொண்டவர். அவர் ஒரு நடை நடந்தால் பட்டறையே நிமிர்ந்து நிற்கும். அவருக்கு எல்லா மெஷினுக்கும் கன்ட்ரோலர் வேண்டும். முதலில் ஒரு மெஷினில் ஓட்டிக்காட்டச் சொல்லியிருந்தார். முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“இந்தத் தடவ உங்க சிஸ்டத்துக்கே சான்ஸ் குடுக்கறனுங்க” என்றார் மில்லிசெகண்டிடம். “ஓடுச்சுன்னா இனிமே கம்பெனி பூரா அதுதான். ஓடலீனா மூட்ட கட்டி மேல போட்டுப்போட்டு, இவரோட அசெம்பிளியவே வெச்சுக்கலாம். அப்பறம் ஆபரேட்டிங் சிஸ்டம்னு இந்த ஆபீஸுல பேச்சே இருக்கக் கூடாதுங்க.”

மில்லிசெகண்ட் சரீங்க என்றார். முகம் மட்டும் வெளுத்துவிட்டது. ஆபீஸில் பல்புகளை வைத்துச் சோதித்தார். ஸ்விட்சை ஒவ்வொன்றாகத் தட்டுவார். பல்புகள் ஒவ்வொன்றாக, ஒன்றுக்கொன்று வழிவிட்டு, ரொம்ப நாகரிகமாக எரிந்தன. பார்க்க அழகாக இருந்தது என்பதை வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன்.

வேனில் திருப்பூருக்குப் போனோம். கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிப் பின் சீட்டில் படுக்கவைத்திருந்தோம். மானிட்டரை மில்லிசெகண்ட் மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அதைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிப் பிடித்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

சாயப்பட்டறையில் நீராவியும் உப்பு நெடியும் கண்ணைக் கரித்தன. மெஷினுக்குள் பனியன் துணி தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தது. நடக்க வேண்டியது இதுதான். நீராவி வால்வு திறந்து தண்ணீர் சூடாக வேண்டும். சொன்ன சூடு வந்ததும் நீராவி மூடிக்கொண்டு, சாய வால்வு திறக்க வேண்டும். எல்லாம் முடிந்து தண்ணீர் வடிந்ததும் மெஷின் கடைசியாக ஒரு மணி அடிக்க வேண்டும். சூடு ஏறிப்போன தண்ணீரில் சாயம் விழுந்தால் துணி திட்டுத் திட்டாகிவிடும். அப்புறம் அதை மாட்டைத் துடைக்கத்தான் எடுக்கலாம்.

நீராவி திறந்தது. சூடு ஏறியது. மில்லிசெகண்ட் நகத்தைக் கடித்தார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். சொன்ன சூடு வந்தது. மெஷினில் ஒன்றுமே நடக்கவில்லை. நீராவியும் மூடவில்லை, சாயமும் திறக்கவில்லை. திரையில் மட்டும் ஒரே வரி கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தார். “நீங்க மொதல்ல போங்க. இல்லீங்க, நீங்க மொதல்ல போங்க. இல்லீங்க, நீங்க…” நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தார். “ஏனுங்க, இது யாரைப் போகச் சொல்லுது?”

நீராவி வால்வும் சாய வால்வும் வாசலில் நின்று ஒன்றையொன்று உபசரித்துக்கொண்டிருந்தன. சொன்ன சூடு வந்த அதே நொடியில் இரண்டுக்கும் வேலை வந்துவிட்டது. ஆபீஸில் ஸ்விட்சைக் கையால் தட்டியதால் ஒன்று முன்னால், ஒன்று பின்னால் வந்தது, சிக்கலே தெரியவில்லை. இங்கே இரண்டும் சேர்ந்து வந்து, சேர்ந்து ஒதுங்கி, ஒரே அளவு நேரம் காத்திருந்து, மறுபடி சேர்ந்து வந்தன. எங்கள் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் இது எப்போதும் நடக்கிற கூத்துதான். இரண்டு சம்பந்திகள் வாசலில் நின்று நீங்க போங்க, நீங்க போங்க என்று மல்லுக்கட்டுவார்கள். அங்கேயாவது பசித்த கூட்டம் பின்னாலிருந்து இருவரையும் உள்ளே தள்ளிவிடும். இந்தச் சிஸ்டத்துக்குள் தள்ளிவிட ஆள் இல்லை.

சூடு ஏறிக்கொண்டே போனது. அந்த அம்மா யாரையும் எதிர்பார்க்கவில்லை. விடுவிடுவென்று போய்ப் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நீராவிக் குழாயின் சக்கரத்தைத் திருகி மூடினார். சாயம் இன்னும் விழாததால் துணி தப்பித்தது.

முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “உங்க சிப்ப எடுத்து மாட்டுங்க. போதும் இந்த மரியாத.”

மில்லிசெகண்ட் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்த என் அசெம்பிளி சிப்பை எடுக்கப் பையைத் திறந்தேன்.

“இருங்க” என்றார் அந்த அம்மா. “இந்தப் பட்டறையில தண்ணிக் குழாய்க்குத் தெனமும் சண்ட. ஒருத்தன் ஒருத்தன ‘நீ போ’ன்னு சொல்லி நான் கேட்டதில்ல. இது இத்தன மரியாதையாப் பேசுதே, என்னன்னு முழுசாப் பாத்துப்போடலாம். தண்ணிய மாத்தி மறுபடி ரொப்பறதுக்குள்ள சரி பண்ண முடியுமுங்களா?”

“அதிகபட்சம்…” என்று மில்லிசெகண்ட் ஆரம்பித்தார். முதலாளி பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டு உட்கார்ந்தார்.

ஒரு சாய டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து தட்டினார். வியர்வை மூக்கு நுனியிலிருந்து கீபோர்டில் சொட்டியது. முதலாளி பொறுக்க முடியாமல் பின்னால் போய் நின்றார். “நீராவிக்கு முன்னுரிமை குடுத்துப் போடுங்களேன். ஒரு நம்பர் போட்டாத் தீந்துது. இப்பவாச்சும் சொன்னாக் கேளுங்க!”

“வேண்டாமுங்க” என்றார் மில்லிசெகண்ட், திரும்பாமலே. சிஸ்டம் மொத்தமும் குப்பைக்குப் போக இருக்கிற நேரத்தில், பிழைக்கிற வழியைக் கையில் கொடுத்தும் வேண்டாம் என்கிற ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. “யாரு ரொம்ப நேரமா நிக்கறாங்களோ அவங்க மொதல்லீங்க. ரெண்டு பேரும் ஒண்ணா வந்தா, போன தடவ யாரு விட்டுக்குடுத்தாங்களோ அவங்க மொதல்ல.”

“அதுவும் சமமா இருந்தா?” என்றார் முதலாளி.

மில்லிசெகண்டின் கை நின்றது. “கடைசியா வேலைக்குச் சேந்தவங்க மொதல்லீங்க. புதுசா வந்தவங்கதானே கூச்சப்பட்டுட்டு நிப்பாங்க.”

அப்புறம் கம்பைல் போட்டார். சாயப்பட்டறை முழுவதும் வேலையை விட்டுவிட்டு அந்தக் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்று காத்திருந்தது. இங்கே பேக்கரியும் இல்லை, பன்னும் இல்லை. ஒருவழியாக முடிந்து, புது சிப்பில் ஏற்றி மாட்டினார். மறுபடி நீராவி, மறுபடி சூடு. சொன்ன சூடு வந்தது. திரையில், “நீங்க மொதல்ல போங்க” என்று ஒரு வரி. அடுத்த வரி, “சரீங்க.” நீராவி டக்கென்று மூடியது. சாயம் திறந்தது.

மத்தியானத்துக்கு மேல் அந்த அம்மா துணியில் ஒரு ஓரத்தை வெட்டி எடுத்து, பிழிந்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார். நல்ல மயில் கழுத்து நீலம். ஒரு திட்டு இல்லை. “எல்லா மெஷினுக்கும் இதையே மாட்டிப்போடுங்க” என்றார். “அந்தப் பேச்ச மட்டும் எடுத்துப்போடாதீங்க. எங்க ஆளுங்களும் படிக்கட்டும்.”

முதலாளிக்கு வாயெல்லாம் பல். இது தன்னுடைய யோசனைதான் என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் அவரே சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன்; வேன் ஏறியதும் சொன்னார். அதற்கு முன்னால் எல்லோரையும் அந்த அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். அரிசிம்பருப்புச் சோறு. நெய் வாசனை சாய நெடியையும் மீறிக்கொண்டு வந்தது. கை கழுவிவிட்டுப் பார்த்தால் மில்லிசெகண்டைக் காணோம். மெஷின் பக்கம் போனேன். ஆட்கள் துணியெல்லாம் இறக்கி எடுத்துக்கொண்டு போன பிறகும், ஜெயித்த மனுஷன் காலி மெஷினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

“வாங்ணா, இலை போட்டாச்சு.”

“நீங்க போங்க. கடைசி ஆளு ஒருத்தரு இன்னும் போகலீங்க.”

“யாருங்ணா?”

“மணி அடிக்கறவரு. தண்ணி பூரா வடிஞ்ச பொறகுதான் அவருக்கு வேல.”

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. “துணியே போயாச்சு. இனி அந்த மணி அடிச்சு யாருக்கு என்னங்ணா ஆகப்போகுது?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகாதுங்க” என்றார் மில்லிசெகண்ட். “ஆனா அவருக்கும் ஒரு நேரம் சொல்லியிருக்கமில்லீங்க.”

எனக்கு நல்ல பசி. உள்ளே முதலாளி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. இருந்தாலும் அந்த மனுஷனைத் தனியாக விட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட மனசு வரவில்லை. பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நானும் நின்றேன்.